அலுவலகத்தில் கையால் செய்த இயந்திரங்களுக்கு ஒரு போட்டி: மனக்கசப்பு இல்லாமல் நடத்த முடியுமா?

அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில், ஊழியர்கள் வீட்டில் தாங்களே செய்த இயந்திரங்களைக் கொண்டுவந்து போட்டியிடும்படி ஒரு நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பை உங்கள் மேலாளர் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். விதிமுறையை எப்படி எழுதுவது, என்ன பரிசு வைப்பது, நடுவராக யாரைப் போடுவது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில்தான் விஷயம் இருப்பதாக எனக்குப் படுகிறது: பாதிப் பேர் பொறியாளர்கள், மீதிப் பேர் கணக்கும் கொள்முதலும் பார்ப்பவர்கள், எல்லாம் முடிந்த பிறகு மனக்கசப்பு மிஞ்சிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். ஆக, திருப்புளி பிடித்தே பழக்கமில்லாதவரும் இருபது வருடம் லேத்தில் நின்றவரும் சேர்ந்து விளையாடும்படி ஒரு போட்டியை அமைக்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. முடியும். அதற்கு நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் போதாது. எங்கெங்கே சண்டை வரும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த இடங்களை விதிமுறையிலேயே அடைத்துவிட வேண்டும்.

நான் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், அதாவது கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவில், இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே இப்படிப்பட்ட போட்டியை ஒன்பது முறை நடத்தினேன். இரண்டு முறை படுதோல்வி, மற்றவை பரவாயில்லை ரகம், ஒன்றோ இரண்டோ நன்றாகவே அமைந்தன. எழுபது பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. பல ஊர்களில் சிதறியிருக்கும் அலுவலகங்களை இணைத்து நடத்தியதும் இல்லை. நான் சொல்வதில் சில, பௌதிகம் என்பதால் எங்கும் பொருந்தும். சில, எங்கள் ஆட்களின் குணத்தால் அப்படி அமைந்தவையாகவும் இருக்கலாம். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

விதிமுறை எழுத உட்காருவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'வீட்டில் செய்த கண்டுபிடிப்பு' என்று அறிவிப்புப் பலகையில் போட்டால் இரண்டு வகைப் பொருள்கள் வந்து சேரும். ஒன்று, ஒருவர் தன் தேவைக்காக எப்போதோ செய்து வைத்தது: தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை, ஒரே கையால் திறக்கும் ஜன்னல் தாழ்ப்பாள், முழங்கால் வலியுள்ள அம்மா குனியாமல் பொருளை எடுக்க ஒரு கவ்வி. இன்னொன்று, போட்டிக்கென்றே செய்யப்படுவது. எங்கள் முதல் ஆண்டில் இரண்டையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்தோம். மிதவை உயர்ந்ததா, கவ்வி உயர்ந்ததா? எதை வைத்துச் சொல்வது? நடுவர்கள் மூவரும் ஒரு மணி நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு, நன்றாகப் பெயின்ட் அடித்திருந்த ஒன்றுக்குப் பரிசைக் கொடுத்தார்கள். கவ்வி செய்தவர் அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவர் அம்மாவுக்காகச் செய்ததை நாங்கள் பத்துக்கு ஐந்தரை என்று எழுதிக் காட்டியிருந்தோம். கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். சொந்தத் தேவைக்காகச் செய்தவற்றை மதிப்பெண் இல்லாத காட்சியாக வையுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். போட்டி என்று வைப்பது எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுப்பதாக இருக்கட்டும். 'இதை இங்கிருந்து அங்கே கொண்டு போ', 'இந்தப் பந்தை இந்தக் கிண்ணத்தில் போடு' என்று ஒரே வரியில் சொல்லக்கூடிய, அளவுநாடாவோ கடிகாரமோ தீர்ப்புச் சொல்லக்கூடிய வேலை. அளவுநாடா யாருக்கும் வேண்டியவர் இல்லை. அதனிடம் யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை.

இயந்திரப் போட்டி என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் என்ஜின் போட்டிதான். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதைக்கு எந்த வகை என்ஜின் என்று முடிவு செய்ய 500 பவுண்டு பரிசோடு நடத்தினார்கள். என்ஜின் தன் புகையைத் தானே எரித்துவிட வேண்டும், எடை ஆறு டன்னைத் தாண்டக்கூடாது, நான்கு சக்கரம் என்றால் நாலரை டன்தான், இவ்வளவு பாரத்தை இவ்வளவு வேகத்தில் இழுக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். ஐந்து போட்டியாளர்கள் வந்தார்கள். அதில் ஒன்றான 'சைக்ளோபெட்' நீராவியால் ஓடவே இல்லை. உள்ளே ஒரு குதிரை நடந்து அதைத் தள்ளியது. 'சான் பரேய்' எடை வரம்பைத் தாண்டியிருந்தும், போகட்டும் என்று ஓட விட்டார்கள். ஓட்டத்தில் அதன் சிலிண்டர் விரிசல் விட்டது. அந்தச் சிலிண்டரை வார்த்துக் கொடுத்தது எதிராளியான ஸ்டீவன்சனின் பட்டறை. சும்மா இருப்பார்களா? சந்தேகப் பேச்சு கிளம்பியது. கூட்டத்தின் செல்லப் பிள்ளையாக இருந்த 'நாவல்டி' பழுதாகி நின்றது. அப்பாவும் மகனுமான ஸ்டீவன்சன்களின் 'ராக்கெட்' மட்டும் சொன்ன தூரம் முழுவதும் ஓடி முடித்து வென்றது. அலுவலகப் போட்டியில் வரக்கூடிய தகராறுகள் அத்தனையும் அங்கே வந்துவிட்டன: விதியின் ஓட்டையில் நுழைபவர், வரம்பு மீறியவரைத் தாட்சண்யத்தால் அனுமதிப்பது, ஒருவருடைய பாகத்தை எதிராளியே செய்து கொடுப்பது. உங்கள் பொறியாளர்களில் ஒருவர் வீட்டில் லேத் வைத்திருந்தால் மற்றவர்களுக்குச் சக்கரம் கடைந்து தர முன்வருவார். நல்ல மனதோடுதான் செய்வார். ஆனாலும் அது ஓடாமல் நின்றால் பேச்சு எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, என்ன வேலை கொடுக்கலாம்? எங்களிடம் நன்றாக ஓடியது இது: எல்லோருக்கும் ஒரே சக்தி. ஒரு கிலோ எடைக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்; அந்த இறக்கத்தில் கிடைக்கும் சக்தியை மட்டும் வைத்து வண்டி ஓட வேண்டும்; கல்லையும் வண்டியே சுமக்க வேண்டும்; அதிக தூரம் போவது வெற்றி. ஒரு கிலோ ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 9.8 ஜூல் (ஜூல் என்பது சக்தியை அளக்கும் அலகு). பணம் செலவழித்தாலும் அது பத்தாகாது, பட்டம் வாங்கியிருந்தாலும் பதினொன்றாகாது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, வெல்டிங் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. கெட்டி அட்டை, மூங்கில் குச்சி, பழைய குறுந்தகடுகள், நூல் இருந்தால் போதும். இந்த எண்ணம் எங்கள் மூளையில் உதித்ததல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களில் வூடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருள்கள் அடங்கிய பெட்டியைக் கொடுத்து, அதற்குள் இருப்பதைக் கொண்டே இயந்திரம் செய்து மோதவிடும் வகுப்பை நடத்தினார். பின்னாளில் பள்ளி மாணவர்களுக்கான 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டிகளை அமைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பெட்டி ஒன்றாக இருந்தால் வித்தியாசம் யோசனையில்தான் தெரியும்.

ஒரே சக்தி என்றால் பொறியாளருக்குச் சாதகம் முழுவதும் போய்விடுமா என்றால், போகாது. ஆனால் நிறையக் குறையும். எங்கள் நான்காம் ஆண்டில் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி செய்த வண்டியை இன்றும் கண்முன் பார்க்கிறேன். பொறியாளர்கள் பெரும்பாலும் எடைக்கல்லை வேகமாக இறங்கவிட்டார்கள். கல் தொப்பென்று அடியில் மோதும். வண்டி அம்பு மாதிரி கிளம்பிப் பாதி வழியில் நின்றுவிடும். கல் மோதும்போது அதன் வேகத்தில் இருந்த சக்தியெல்லாம் சத்தமாகவும் அதிர்ச்சியாகவும் வீணாகிறது. அந்தப் பெண்மணியின் வண்டியில் நூல் சுற்றும் அச்சு ஒரு பக்கம் பருமனாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும், பம்பரத்தை நீட்டி வைத்தது போல இருந்தது. அட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார். நூல் முதலில் பருமனான பக்கத்திலிருந்து அவிழும்; நின்ற வண்டியை நகர்த்த அந்த விசை வேண்டும். நகர்ந்துவிட்ட பிறகு ஒல்லியான பக்கத்துக்கு வரும். விசை குறையும், ஆனால் ஒவ்வொரு அங்குல நூலுக்கும் சக்கரம் அதிகமாகச் சுற்றும். வண்டி கல்யாண ஊர்வலம் போல மெதுவாக, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "நூல்கண்டு கூம்பு மாதிரி இருந்தால் சிக்காமல் வரும் சார், அதைப் பார்த்துச் செய்தேன்" என்றார். பழைய கடிகாரங்களில் சுருள்வில்லின் இழுப்பைச் சமப்படுத்த இதே கூம்பு அச்சைத்தான் பல நூற்றாண்டுகள் பயன்படுத்தினார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்த எங்களுக்கோ அது தோன்றவில்லை.

அவரும் ஒன்றில் தவறினார். நூலின் நுனியை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். கல் அடியைத் தொட்டதும் சக்கரம் தன் வேகத்தில் தொடர்ந்து சுழல, நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கல்லை மேலே இழுக்கத் தொடங்கியது. வண்டி தனக்குத் தானே பிரேக் போட்டுக்கொண்டது. பக்கத்து அணியில் இருந்த ஃபிட்டர் ஒருவர் வந்து, முடிச்சை அவிழ்த்து, அச்சில் ஒரு சிறு ஆணியைப் பதித்து, நூலின் வளையத்தை அதில் மாட்டிவிடச் சொன்னார். கடைசிச் சுற்றில் வளையம் தானாகக் கழன்றுகொள்ளும், வண்டி மீதித் தூரத்தைத் தன் போக்கில் உருண்டு போகும். இரண்டாம் முறை ஓடியபோது அந்த ஃபிட்டரின் சொந்த அணியையே அது தோற்கடித்தது. அவர்தான் முதலில் கை தட்டினார்.

இது நடந்ததற்குக் காரணம் அந்த ஃபிட்டரின் பெருந்தன்மை மட்டும் இல்லை. இரண்டாம் வாய்ப்பு என்று ஒன்று இருந்தது. ஒரே ஓட்டத்தோடு முடித்துவிட்டால் மூன்று வாரம் உழைத்த ஒருவர் ஒரு நூல் சிக்கியதற்காக வீட்டுக்குப் போவார். ஆகவே குறைந்தது இரண்டு ஓட்டம், நடுவில் முக்கால் மணி நேரம் பழுது பார்க்க இடைவெளி, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுங்கள். இயலுமானால் ஒரு வாரம் முன்பு, மதிப்பெண் இல்லாத ஒத்திகை நாள் ஒன்றையும் வையுங்கள். பழுது பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு கிரெமர் பரிசு நல்ல உதாரணம். மனித சக்தியால் மட்டும் பறக்கும் விமானத்துக்கு 1959இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பரிசை பதினெட்டு ஆண்டுகள் யாராலும் வாங்க முடியவில்லை. 1977 ஆகஸ்டில் பால் மெக்கிரெடியின் 'காசமர் காண்டார்' வாங்கியது. மற்றவர்கள் அழகாக, நுணுக்கமாகக் கட்டினார்கள். விழுந்தால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். மெக்கிரெடி அலுமினியக் குழாயும் மெல்லிய பிளாஸ்டிக் படலமுமாகக் கட்டியதால், உடைந்ததைச் சீக்கிரமே ஒட்டிவைத்துவிட்டு மறுபடி முயல முடிந்தது. ஓட்டங்களுக்கு நடுவில் இடைவெளி வைத்தால் புதியவருக்கும் இந்தச் சலுகை கிடைக்கும். பழகியவர் பக்கத்து மேசைக்குப் போய் உதவவும் நேரம் இருக்கும். ஒன்பது ஆண்டுகளில் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசியது பெரும்பாலும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

விதிமுறையை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வண்டி எந்த அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், கல்லைத் தவிர வேறு எதில் சக்தியைச் சேமிக்கக்கூடாது (ரப்பர், சுருள்வில், காற்று), கிளப்பும்போது கையால் தள்ளலாமா, தூரத்தை வண்டியின் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு அளப்பது, சுவரில் மோதினால் என்ன, பக்கவாட்டில் வளைந்து போனால் நேர்கோட்டுத் தூரமா பாதையின் நீளமா. இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றுக்கே எங்களிடம் ஒரு வருடம் அரை மணி நேரப் பஞ்சாயத்து நடந்தது. எழுதி முடித்ததும், உங்கள் அலுவலகத்திலேயே மிகவும் குறும்புக்காரர் யார் என்று பார்த்து அவரிடம் கொடுத்து, 'இதை ஏமாற்றிக் காட்டு' என்று சொல்லுங்கள். அவர் காட்டும் ஓட்டைகளில் ஆபத்தானவற்றை அடைத்துவிட்டு, சுவையானவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. எல்லா ஓட்டையையும் அடைக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு, அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. இடையில் யாராவது சந்தேகம் கேட்டால் பதிலை அவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்வோம். இந்தப் போட்டியில் கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கும். கழுவிவிடும் தண்ணீர் வடிவதற்காகப் பல கூடங்களின் தரையில் கண்ணுக்குத் தெரியாத சரிவு வைத்திருப்பார்கள். உருளும் வண்டிக்கு நூற்றுக்கு ஒன்று என்ற சரிவே பெரிய வரம் அல்லது சாபம். நீளமான ஒரு பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். சரிவு இருந்தால் ஓர் ஓட்டம் இந்தப் பக்கம், மறு ஓட்டம் அந்தப் பக்கம் என்று வைத்து, அந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் இரண்டின் சராசரியை எடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆபத்து எங்கே என்று கேட்டால், சேமித்து வைத்த சக்தி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். முறுக்கிய சுருள்வில், இழுத்த ரப்பர், அழுத்திய காற்று, வேகமாகச் சுழலும் கனமான சக்கரம், லித்தியம் பேட்டரி. வேகம் இரண்டு மடங்கானால் சுழலும் சக்கரத்தில் இருக்கும் சக்தி நான்கு மடங்காகிறது; பார்ப்பதற்கு என்னவோ அதே சக்கரம்தான். பிவிசி குழாயில் காற்றை அடைப்பதை முழுவதுமாகத் தடை செய்யுங்கள். தண்ணீருக்குத் தாங்கும் குழாய் காற்றழுத்தத்தில் வெடித்தால் சில்லுசில்லாகப் பறக்கும். நேரடி மின்இணைப்பும் கூடாது. எங்கள் இரண்டாம் ஆண்டுத் தோல்வி இதில்தான். பந்து எறியும் கவண் ஒன்றில், மேசையில் சும்மா வைத்திருந்தபோதே கொக்கி நழுவி, கவணின் வீசும் கை ஒருவரின் நெற்றிப்பொட்டுக்கு அருகே உரசிக்கொண்டு போனது. நான்கு தையல். இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்தக் கவணுக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்றிலிருந்து இரண்டு விதிகளை மாற்றவே இல்லை: ஓடும் இடத்தைச் சுற்றி நிற்பவர்கள் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, தொடக்கக் கோட்டுக்கு வரும்வரை எதையும் இழுத்தோ முறுக்கியோ வைத்திருக்கக்கூடாது. ஒரு கிலோ கல் ஒரு மீட்டர் இறங்கும் போட்டியை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் காரணம். அதிகபட்ச விபத்து கால் விரலில் கல் விழுவதுதான். அதற்கும் மூடிய காலணி என்று எழுதிவிடுங்கள்.

அளவுநாடாவால் முடிகிற தீர்ப்புக்கு நடுவர் தேவையில்லை, இருவர் சேர்ந்து அளந்தால் போதும். 'சிறந்த யோசனை' போன்ற விருதுகளுக்குத்தான் நடுவர்கள் வேண்டும். அங்கே மதிப்பெண்களைக் கூட்டாதீர்கள். மூன்று நடுவர்கள், இரண்டு வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நடுவர் முதல் வண்டிக்கு 8, இரண்டாவதற்கு 7 போடுகிறார். அடுத்தவர் 7, 6. மூன்றாமவர் ஏற்ற இறக்கமாகப் போடுகிறவர்: 3, 9. கூட்டினால் முதல் வண்டி 18, இரண்டாவது 22. மூவரில் இருவர் முதல் வண்டியே மேல் என்று சொல்லியும் இரண்டாவது வென்றுவிட்டது. அதாவது மதிப்பெண்ணை அகலமாக வீசுகிறவர் தனியாகத் தீர்ப்பெழுதிவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு நடுவரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தச் சொல்லி, அந்த வரிசைகளை ஒப்பிடுங்கள். அடுத்தது, பார்க்கும் வரிசை. பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் பியானோ போட்டியை ஆராய்ந்த பொருளியலாளர்கள், முதல் நாளில் வாசித்தவர்கள் கீழான இடங்களில் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். இத்தனைக்கும் வாசிக்கும் நாள் சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகிறது. பழுத்த இசை நடுவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் கதி என்ன? எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்கும்வரை நடுவர்களின் கையில் பேனா கொடுக்காதீர்கள். மேலாளரை நடுவராக்காதீர்கள். அவர் போட்டியாளராக வரட்டும். ஒருமுறை எங்கள் ஆலை மேலாளரின் வண்டி கிளம்பவே மாட்டேன் என்று நின்றது; அடுத்த ஆண்டு பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. காரணம் அதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பரிசு பற்றிக் கேட்டீர்கள். இங்கே உறுதியாகத் தெரிந்ததும் தெரியாததும் கலந்து கிடக்கின்றன. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிற்பாடு தாங்களாகப் படம் வரையும் நேரம் மற்றக் குழந்தைகளைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த அளவுக்கு உறுதி. இது சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் உளவியலாளர்களுக்குள்ளேயே நெடுநாள் வாக்குவாதம் நடந்திருக்கிறது. ஒரு கட்சி பெரிதாகப் பொருந்தும் என்றது, மறு கட்சி சில நிலைகளில் மட்டும் என்றது. என் அனுபவம் ஒரே ஒரு ஆண்டைப் பற்றியது. நிர்வாகம் பெரிய தொகை ஒன்றைப் பரிசாக அறிவித்த அந்த ஆண்டில், ஒத்திகை நாளன்று வண்டிகளைத் துணி போட்டு மூடிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து மேசைக்குப் போய் ஆணி அடித்துக் கொடுக்க யாரும் இல்லை. அடுத்த ஆண்டு பழையபடி, கழற்றிப் போட்ட பற்சக்கரம் ஒன்றை மரக்கட்டையில் பொருத்திச் சுழற்கேடயமாகக் கொடுத்தோம், துணி மறைந்தது. ஓர் ஆண்டை வைத்து விதி சொல்லக்கூடாது என்பது தெரியும். இருந்தாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் தொகை வைக்க மாட்டேன்.

பரிசுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கு ஜப்பானில் 1988 முதல் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு நடக்கும் ரோபோ போட்டியைப் பாருங்கள். மோதி வெல்லும் அணிக்கு ஒரு விருது உண்டு. ஆனால் அங்கே மிக உயர்வாகக் கருதப்படும் 'ரோபோகான் பெரும்பரிசு' சிறந்த யோசனைக்கும் செய்நேர்த்திக்கும் உரியது, தோற்ற அணியும் அதை வாங்கலாம். நாங்கள் அதைச் சற்று மாற்றி, 'சிறப்பாக உடைந்த வண்டி' என்றும் 'பக்கத்து அணிக்கு அதிகம் உதவியவர்' என்றும் இரண்டு வைத்தோம். இரண்டாவதைப் போட்டியாளர்களே சீட்டில் பெயர் எழுதித் தேர்ந்தெடுப்பார்கள். முதலாவதை நான் மூன்று முறை வாங்கியிருக்கிறேன்.

அணிகளைப் பற்றி. மூவர் கொண்ட அணி நன்றாக ஓடுகிறது. ஐவர் என்றால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். பிரிவுகளைக் கலந்து சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கலந்து போட்டாலும் பொறியாளர் மொத்த வேலையையும் தன் மேசைக்கு இழுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதற்கு நாங்கள் வைத்த மருந்து: அன்றைய தினம் வண்டியை இயக்கி, நூல் சிக்கினால் சரிசெய்து, அது எப்படி ஓடுகிறது என்று விளக்க வேண்டியவர் யார் என்பதைக் காலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். பெயர் யாருடையதாகவும் வரலாம் என்பதால், பொறியாளர் மற்ற இருவருக்கும் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும். வேண்டா வெறுப்பாகச் சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. தனியாகப் பங்கேற்க விரும்பும் கூச்ச சுபாவக்காரர்களை இந்த விதி பயமுறுத்துமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர்களுக்கென ஒன்றிரண்டு தனி இடங்கள் விட்டுப் பாருங்கள். தயாரிப்புக்கு மூன்று வாரம் போதும். இரண்டு மாதம் கொடுத்தபோதும் எல்லோரும் கடைசி வாரத்தில்தான் தொடங்கினார்கள். நடுவில் ஆர்வம் ஆறிப்போனதுதான் மிச்சம். பன்னிரண்டு அணி பெயர் கொடுத்தால் எட்டு வரும் என்று கணக்கு வைத்து மேசை போடுங்கள்.

இனி, மதிப்பெண் இல்லாத காட்சி. உங்கள் மேலாளர் மனதில் இருப்பது ஒருவேளை இதுவாகவே இருக்கலாம். ஹோண்டா நிறுவனம் 1970இல் தன் ஊழியர்களுக்காகத் தொடங்கிய யோசனைப் போட்டி இந்த வகையில் பேர் போனது. வினோதமான வாகனங்களை எல்லாம் அதில் கட்டி ஓட்டினார்கள். உங்கள் அளவில் ஒரு நீள மேசை போதும். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஓர் அட்டை: எந்தத் தொல்லையைத் தீர்க்கச் செய்தீர்கள், எத்தனை முறை தோற்றீர்கள், இன்னும் எது சரியாக வரவில்லை. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பார்வையாளர்கள் பேச்சுக் கொடுப்பது அதைப் படித்துவிட்டுத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: யாராவது தன் பொருளுக்குக் காப்புரிமை வாங்கும் எண்ணத்தில் இருந்தால், காட்சிக்கு வைப்பதற்கு முன் அந்தத் துறை வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள். பல நாடுகளில், விண்ணப்பிப்பதற்கு முன் வெளியே காட்டிவிட்டால் புதுமை என்ற தகுதி போய்விடும். ஊழியர் வீட்டில் செய்தது அவருக்கா நிறுவனத்துக்கா என்பது நாட்டுக்கு நாடு, வேலை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். நான் சட்டம் படித்தவன் இல்லை, அதில் தலையிட மாட்டேன். நிறுவனம் எதற்கும் உரிமை கோராது என்று மேலாளரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கி அறிவிப்பில் சேர்த்துவிட்டால் தயக்கம் பாதி குறையும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கடைசியாக, அறிவிப்பை ஒட்டுவதற்கு முன் ஒரு வண்டியை நீங்களே செய்து, நடக்கப்போகும் கூடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஓர் ஆண்டு நான் காகிதத்தில் கணக்குப் போட்டதோடு நிறுத்திக்கொண்டேன். உருளும்போது வரும் உராய்வை அதிகமாக எடுத்துக்கொண்டதில் பன்னிரண்டு மீட்டர்தான் போகும் என்று வந்தது. கூடம் பதினெட்டு மீட்டர், தாராளம் என்று நினைத்தேன். உண்மையில் குறுந்தகடு சக்கரமும் நல்ல பேரிங்கும் வைத்த இரண்டு கிலோ வண்டிக்கு வழவழப்பான தரையில் எதிர்ப்பு விசை 0.4 நியூட்டன் (விசையின் அலகு) அளவுதான், 9.8 ஜூலை அதால் வகுத்தால் இருபத்து நான்கு மீட்டருக்கு மேல் வருகிறது. நான்கு வண்டிகள் வரிசையாகப் போய்ச் சுவரில் முட்டின. நான்கும் சமம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்கென்று கல்லை அரைக் கிலோவாகவும் இறக்கத்தை அரை மீட்டராகவும் குறைத்துவிட்டோம். உங்கள் கூடம் எத்தனை மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. அளந்து சொன்னால் எந்தக் கல், எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.